ஒரே விலாசத்து மேரிகள்

கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். பொட்டின் நடுவே குங்குமம், அதற்கு மேலே ஒரு செவ்வரத்தம் பூ. கீபோர்டின் மேல் பளபளவென்று ஒரு எலுமிச்சை, எங்கள் ஊரில் தேசிக்காய்.

"தேசிக்காயை எடுங்க முதலாளி. சாறு உள்ள போனா சாமியாலயும் காப்பாத்த ஏலாது" என்றேன்.

"வாயைக் கழுவும்மா, நல்ல நாள் அதுவுமா!" என்றார் பரமசிவம் முதலாளி. ஆனாலும் தேசிக்காயை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மாத்தளை டவுனில் அவருடைய புதிய மெடிக்கல் சென்டர் திறக்கும் நாள் அது. அவருடைய அப்பா காலத்தில் அந்தக் கட்டடம் மிளகும் கராம்பும் சேர்த்து வைக்கும் கடை. சுவரைச் சுரண்டிப் பூசி, மாபிள் போட்டு, டெட்டோல் ஊற்றிக் கழுவியும் கராம்பு வாசம் போகவில்லை. அந்த வாசத்துக்கு நடுவே, ஏஸி அறையில், என்னுடைய ஆறேழு மாத உழைப்பு பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

கொழும்புக் கம்பெனியை விட்டுவிட்டு மாத்தளைக்கே திரும்பி வந்து சின்னதாய் ஒரு மென்பொருள் ஆபீஸ் தொடங்கிய கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். 'அங்கே எல்லாம் என்ன வேலை கிடைக்கும்?' என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இதுதான் ஐயா, கிடைத்த வேலை. நோயாளியின் பெயரைத் தட்டினால் அவருக்கு என்ன வருத்தம், என்ன மருந்து கொடுத்தார்கள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று டாக்டருக்குக் காட்டும் சிஸ்டம். கேட்கச் சின்ன விஷயம். செய்து பாருங்கள், தெரியும்.

ஐயர் குறித்த நேரம்

சிஸ்டத்தை ஓடவிட வேண்டிய நேரத்தை அம்மன் கோயில் ஐயர் குறித்துக் கொடுத்திருந்தார். குத்துவிளக்கு ஏற்றி, ரிப்பன் வெட்டி, முதலாளி தன் கையால் கீபோர்டில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். எல்லாம் ராகு காலம் பிறக்கும் முன்னே.

கொழும்பிலே என் கூட்டாளிமார் இதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கொழும்பிலே வேலை முடியும் நாளை மேனேஜர் குறிப்பார். எதைப் பார்த்துக் குறித்தார் என்று அவருக்கே தெரியாது. மாத்தளையில் ஐயர் குறிக்கிறார். இரண்டு பேரில் ஐயரே மேல். அவராவது பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்.

இரண்டு பேருமே கேட்காத கேள்வி ஒன்று உண்டு. வேலை முடிந்துவிட்டதா?

எங்கள் தொழிலில் 'முடிந்தது' என்ற சொல்லைப் போல மானம் கெட்ட சொல் வேறில்லை. எழுதியவனுடைய மேசையில் ஒரு தடவை ஓடினால் முடிந்தது. வாடிக்கையாளர் பார்க்கும்போது நின்றுவிடாமல் இருந்தால் நன்றாகவே முடிந்தது. மிச்சத்தை ஓடவிட்டுத் திருத்துவோம். மழைக்குப் பிறகு ரோட்டுக் குழியில் தார் அப்புகிற மாதிரி, அடுத்த மழை வரைக்கும் தாங்கும்.

இஞ்சினியர் வீட்டு ரேடியோ

என் அப்பா ரத்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பேக்டரியில் வேலை செய்தவர். நான் கம்ப்யூட்டர் படித்து முடித்ததும் எங்கள் வரிசை வீடுகளான லயம் முழுக்க 'என் மக இஞ்சினியரு' என்று சொல்லி வைத்தார். லீவுக்குப் போனபோது வாசலில் ஒரு கூட்டம். ஒருவர் கையில் ரேடியோ, ஒருவர் கையில் மின்விசிறி, ஒரு அம்மா ஸ்டவ் அடுப்பையே தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"நான் அந்த மாதிரி இஞ்சினியர் இல்லீங்க" என்றேன்.

"அப்ப எந்த மாதிரி?" என்று ரேடியோக்காரர் கேட்டார்.

அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. பிறகு எத்தனையோ வருஷம் கொழும்பிலே அந்தப் பட்டத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தேன். அங்கேயும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

பாலம் போடும் இஞ்சினியர் வரைபடத்தின் அடியில் தன் பெயரை எழுதிக் கையெழுத்து வைக்கிறார். பாலம் விழுந்தால் அவரைத்தான் தேடிப் போவார்கள். எங்கள் கையெழுத்து எங்கே? நாங்கள் ஒரு கட்டத்தைக் காட்டி 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று உங்களை அமுக்க வைக்கிறோம். என்ன நடந்தாலும் எங்களிடம் வராதீர்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. நீங்கள் வாசிப்பதில்லை. ஆக, செய்தவர்கள் நாங்கள், கையெழுத்துப் போடுவது நீங்கள். வேறு எந்தத் தொழிலில் ஐயா இந்தக் கூத்து நடக்கும்? வீடு கட்ட வந்த ஒரு மேசன் இப்படிச் சொன்னால் வாசலிலேயே நிறுத்தி விரட்ட மாட்டோமா?

இதைச் சொன்னால் என் தொழிலில் இருப்பவர்களுக்குக் கோபம் வரும். வரட்டும். நான் இந்தத் தொழிலை வெறுக்கிறவள் இல்லை. இதிலே சோறு தின்றவள், இதிலே சந்தோஷப்பட்டவள். ஆகவே திட்ட எனக்கு உரிமை இருக்கிறது.

முகம் உள்ள பெயர்

திறப்பு விழாக் காலைக்கு வருகிறேன். கீழே நாதஸ்வரம் ஸ்பீக்கரில் போய்க்கொண்டிருந்தது. விழாவையொட்டி இலவச மருத்துவ முகாம் வேறு. தோட்டங்களிலிருந்து பஸ்ஸில் ஆட்கள் வந்து வாங்குகளில் உட்கார்ந்திருந்தார்கள். என் அண்ணன் பெண்சாதி, மேரி மதினியும் வருவதாகப் போனில் சொல்லியிருந்தார். காலில் கம்பி குத்திச் சீழ் கட்டியிருந்தது அவருக்கு.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. சோதித்துப் பார்க்கும்போது மற்றவர்கள் வாய்க்கு வந்த எழுத்தைத் தட்டுவார்கள். நான் எனக்குத் தெரிந்த ஆளின் பெயரைத்தான் தட்டுவேன். முகம் தெரியாத பெயரில் பிழை இருந்தால் கண்ணில் படாது.

மேலே ஏஸி அறையில், பொட்டு வைத்த கம்ப்யூட்டரில், மதினியின் பெயரைத் தட்டினேன். எஸ். மேரி. தோட்டம், டிவிஷன் எல்லாம் சரி. வயதும் சரி. கீழே ஒரு வரி: ஒத்துக்கொள்ளாத மருந்து, எதுவும் இல்லை.

இன்னொரு தரம் தட்டிப் பார்த்தேன். அதே வரி.

பல வருஷத்துக்கு முன்னே, மதினிக்குக் காய்ச்சல் என்று பென்சிலின் ஊசி போட்டார்கள். வீட்டுக்கு நடந்து வரும் வழியிலேயே உதடு வீங்கி, முகம் வீங்கி, கண் இருந்த இடம் தெரியாமல் போனது. மூச்சு விசில் மாதிரிச் சத்தம் போட்டது. கொழுந்து லாரியில் ஏற்றி மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். லாரிக்குள் பச்சைக் கொழுந்து வாசம், மதினியின் தலை என் மடியில். ஒவ்வொரு வளைவிலும் 'மாதாவே, மாதாவே' என்று கத்திக்கொண்டு வந்தேன். இப்போதும் கொழுந்து லாரி பக்கத்தில் போனால் எனக்கு அந்த விசில் சத்தம் கேட்கும்.

முதலாளியின் ஆட்கள் முன்பு தோட்டத்தில் நடத்திய முகாமில் இதை நான் பக்கத்தில் நின்று பதிய வைத்தேன். பழைய சிஸ்டத்தில் அது சிவப்பு எழுத்தில் இருந்தது. கண்ணால் பார்த்தேன். இப்போது எங்கே?

"ரிஸ்வான்!" என்று ஒரு சத்தம் போட்டேன்.

மேரிகள் எங்கே போனார்கள்

ரிஸ்வான் என்னோடு வேலை செய்கிறவர். மாத்தளையிலேயே பிறந்து வளர்ந்தவர், கெட்டிக்காரர், இரண்டு பிள்ளைகளுக்கு வாப்பா. ஒரு கையில் பால்சோற்றுத் தட்டுடன் ஓடி வந்தார்.

"எல்லா டெஸ்டும் பாஸ் ஆகி ஈக்கி மிஸ். என்ன பிரச்சினை?"

திரையைக் காட்டினேன். பார்த்தார்.

"பழைய முகாம் டேட்டாவில ஒரே ஆள் ரெண்டு மூணு தரம் பதிஞ்சிருந்திச்சு மிஸ். அடையாள அட்டை நம்பரும் பாதிப் பேருக்கு இல்ல. அதான் பேரு, விலாசம், வயசு மூணும் ஒண்ணா இருந்தா ஒரே ஆள்னு சேத்துட்டு, கடைசியா பதிஞ்சதை வச்சுக்கிட்டேன். ஏஐகிட்டதான் கேட்டு எழுதினேன். சுத்தமா எழுதித் தந்திச்சு."

உண்மைதான், சுத்தமாகத்தான் எழுதியிருந்தது. இப்போதெல்லாம் கேட்டால் எழுதித் தருகிற யந்திரம் வந்துவிட்டது. நான் ஒரு கிழமை உட்கார்ந்து எழுதுவதை அது ஒரு டீ குடிக்கிற நேரத்தில் எழுதிவிடுகிறது. பிழை பிடிக்க முடியாது. ஒரு வரி ஒரு வரியாகப் பார்த்தேன், ஒவ்வொரு வரியும் சரி.

"ரிஸ்வான், ஒங்க வீட்டு விலாசத்தில எத்தனை குடும்பம்?"

"இதென்ன கேள்வி மிஸ்? எங்க குடும்பம் மட்டும்தான்."

"என் அண்ணன் வீட்டு விலாசத்தில ஒரு டிவிஷனே இருக்கு."

லயத்து ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்தில் வீட்டுக்கு நம்பர் கிடையாது, ரோட்டுக்குப் பெயர் கிடையாது. விலாசம் கேட்டால் எல்லாரும் ஒன்றைத்தான் சொல்வோம்: தோட்டத்தின் பெயர், அதில் எந்தப் பகுதி என்கிற டிவிஷனின் பெயர். கடிதம் தோட்ட ஆபீசுக்கு வரும். காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கூப்பிடும்போது அதையும் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். நான் கம்பஸ் போக, பல்கலைக்கழகத்திலிருந்து கிடைத்த கடிதமும் அப்படித்தான் ஊருக்கே தெரிந்து என் கைக்கு வந்தது.

அதோடு எங்கள் லயங்கள் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர் லயங்கள். 'மேரி' என்று ஒரு குரல் கொடுத்தால் பாதித் தலை திரும்பும். ஒரு தடவை வஹகோட்டைத் திருவிழாவில் ஒரு பிள்ளை தொலைந்துபோய், 'அம்மா பேரு மேரி' என்று அழுதது. மைக்கில் சொன்னார்கள். கோயில் வாசலில் மேரிகள் ஒரு படையே வந்து நின்றது. பிள்ளை பயந்துபோய் இன்னும் பெரிதாக அழுதது.

எங்களுக்குள் குழப்பமே இல்லை. தண்ணீர் பீலிக்குப் பக்கத்தில் இருப்பவர் பீலிக்கரை மேரி, அதாவது என் மதினி. மேட்டில் இருப்பவர் மேல்லயத்து மேரி. கோழி வளர்ப்பவர் கோழி மேரி. மேல்லயத்து மேரிக்கும் மதினிக்கும் முன்னெழுத்தும் ஒன்று, வயதும் ஒன்று. அவருக்கு எல்லா மருந்தும் ஒத்துக்கொள்ளும். அவர் முகாமில் மதினிக்குப் பிறகு பதிந்திருக்கிறார். சிஸ்டம் இரண்டு பேரையும் ஒரே ஆளாக்கி, கடைசியாக வந்தவரை வைத்துக்கொண்டு, என் மதினியைத் துடைத்துவிட்டது.

விலாசம் ஒன்றானால் வீடு ஒன்று என்று ரிஸ்வான் நினைத்தார். யந்திரமும் அப்படித்தான் நினைத்தது. அது படித்ததெல்லாம் வீட்டு நம்பர் உள்ளவர்கள் எழுதியதுதானே.

முதலாளி எதை அமுக்குவது?

கீழே விளக்குக்குத் திரி போட்டுவிட்டார்கள். கண்டியிலிருந்து வந்த பெரிய டாக்டர் மாலையோடு நின்றார். முதலாளி படியேறி வந்தார், பட்டு வேட்டி சரசரக்க.

"வாம்மா, நேரம் ஆச்சு."

"முதலாளி, சிஸ்டத்தை இன்னைக்கு ஓடவிட வேணாம்."

அவர் முகத்தில் ரத்தம் ஏறியதைப் பார்த்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு எல்லா முதலாளிமாரும் கேட்பதையே கேட்டார்.

"இப்ப ஓடவிட்டுட்டுச் சாயந்தரமா சரி பண்ண ஏலாதா?"

"சாயந்தரத்துக்குள்ள யாருக்கு ஊசி போடுவாங்கன்னு நமக்குத் தெரியாதே."

ரிஸ்வான் நடுவில் வந்தார். பாவம், நல்லெண்ணத்தில்தான் சொன்னார். "மிஸ், ஒங்க மதினியோட ரெக்கோர்டை நான் இப்பவே கையால மாத்தி விடுறேன். ரெண்டு நிமிஷ வேலை."

"ஆமாம்மா, அதைச் செய்யி! ஒன் மதினிக்கு ஒண்ணும் ஆவாது" என்றார் முதலாளி.

ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு நிமிஷம். மதினி தப்பிவிடுவார். விழா நடக்கும், எல்லாரும் சிரித்துக்கொண்டே படம் எடுத்துக்கொள்வோம்.

"மத்த மேரிகளுக்கு யாரு முதலாளி நாத்தனார் இருக்கா?" என்று கேட்டேன்.

ரிஸ்வான் பால்சோற்றுத் தட்டை மேசையில் வைத்தார். கீழே நாதஸ்வரம் ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டுக்குப் போனது.

"ராமன், செல்லையா, லெட்சுமி, எத்தனை பேரைத் துடைச்சிருக்கோம்னு இப்ப எனக்குத் தெரியாது. தெரியாத வரைக்கும் டாக்டர் இந்தத் திரையைப் பாக்கக்கூடாது. இது இல்லாட்டி அவர் வாயைத் திறந்து கேப்பாரு. இது இருந்தா கேக்க மாட்டாரு. அதுதான் ஆபத்து."

"அப்ப நான் எதைத்தான் அமுக்குறது? கீழ அத்தனை பேரு நிக்கிறாங்க!" முதலாளியின் குரல் உடைந்தது. "ஐயர் குறிச்ச நேரம்மா..."

"விளக்கை ஏத்துங்க, ரிப்பனை வெட்டுங்க. நல்ல நேரம் ஒங்களுது, அதை நான் தொடல. இது என்னோட வேலை. இது முடியல."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஒன்னைய நம்புனேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். விளக்கேற்றினார், ரிப்பன் வெட்டினார். பிறகு மைக்கைப் பிடித்து, எல்லாருக்கும் கேட்க, "கம்ப்யூட்டரு இன்னைக்கு இல்ல. இஞ்சினியரம்மா வேணாம்னுட்டாங்க" என்றார். கூட்டத்தில் சிலர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

என்னைக் குத்திக் காட்டத்தான் அப்படிச் சொன்னார். எனக்கோ நெஞ்சு நிமிர்ந்தது. ரேடியோக்காரருக்கு அன்றைக்குச் சொல்லத் தெரியாத பதில் அதுதான். இஞ்சினியர் என்றால் செய்யத் தெரிந்தவர் மட்டும் இல்லை, எல்லாரும் 'ஆகட்டும்' என்னும்போது 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு, அந்தச் சொல்லுக்குக் கீழே தன் பெயரைப் போடுகிறவர். எழுதுகிற வேலையை இனி யந்திரமே பார்த்துக்கொள்ளட்டும், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இந்த வேலையை அதனால் பார்க்க முடியாது. அதைப் பிடித்துக் கேள்வி கேட்க முடியாதே.

சிஸ்டம் பிறகு ஓடத்தான் செய்தது. துடைத்தவர்களை எல்லாம் திருப்பிக் கொண்டுவந்தோம். இரண்டு பேரை ஒருவராக்க வேண்டுமானால் ஒரு மனிதர் கேட்டுப் பார்த்த பிறகே ஆக்கலாம் என்று வைத்தோம். 'கூப்பிடும் பெயர்' என்று புதிதாய் ஒரு கட்டம் சேர்த்தோம். அதில் பீலிக்கரை, மேல்லயம், கோழி எல்லாம் இருக்கிறது. அதை ஓடவிட்ட நேரம் சுத்தமான ராகு காலம். இன்றைக்கும் ஓடுகிறது. முதலாளி ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, பிறகு பேசினார்.

வாங்கில்

விழா நாளில் முகாம் பழையபடி காகிதத் துண்டில் எழுதித்தான் நடந்தது. நான் கீழே இறங்கி நர்ஸ் பிள்ளையிடம், "ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒத்துக்காத மருந்து என்னன்னு வாயால கேளுங்க. கேக்காம ஒருத்தரையும் உள்ள அனுப்பாதீங்க" என்று சொன்னேன்.

மேரி மதினி வாங்கின் ஓரத்தில், கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் பக்கத்தில் இருந்தவரைத் தள்ளி இடம் போட்டார். "இதுதான் எங்க நாத்தனா" என்று வாங்கு முழுக்கக் கேட்கச் சொன்னார்.

நர்ஸ் வந்தார். "அம்மா, ஒத்துக்காத மருந்து ஏதாவது இருக்கா?"

மதினி என்னைப் பார்த்துச் சிரித்தார். "அதெல்லாம் மிஷின்ல இருக்கும்மா."

"மிஷின் இன்னைக்கு இல்லம்மா. நீங்கதான் சொல்லணும்."

"ஓ. பென்சிலின் ஆகாதும்மா. போட்டா செத்துருவேன்." கூப்பன் கடையில் சீனி வேண்டாம் என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். நர்ஸ் எழுதிக்கொண்டு அடுத்த ஆளிடம் போனார்.

 எனக்குக் கோபம் வந்தது. "ஏன் மதினி, அந்தப் பிள்ளை கேக்காட்டி நீங்களாச் சொல்லியிருக்க மாட்டீங்களா?"

"எதுக்குடி சொல்லணும்?" மதினி உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "நீ எழுதுன மிஷினுன்னு ஒங்க அண்ணன் சொன்னாரு. அன்னைக்கி லாரியில என் தலைய மடியில வச்சுக்கிட்டு வந்தவ நீதானே. நீ மறப்பியா?"